இடுப்பு வலிக்கு முதுகு ஊசிதான் காரணமா?

"சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுல இருந்துதான் இந்த இடுப்பு வலி." காஞ்சிபுரம் முசரவாக்கம் தொடங்கி தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் பேச்சு இது. இந்தப் பயத்தில் 'முழு மயக்கமே கொடுங்க' என்று கேட்பவர்களும் உண்டு.

ஆய்வுகள் இதை உறுதிசெய்யவில்லை. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்குக் கர்ப்பகால உடல் மாற்றம், தறியில் குனிந்தே செய்யும் வேலை எனக் காரணங்கள் வேறு.

1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் தொடங்கிவைத்த முறை இது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் மருந்து செலுத்தினால் மார்புக்குக் கீழே மரத்துப்போகும், தாய் விழித்திருப்பார். கூடவே மிகச் சிறிதளவு மார்ஃபின் சேர்த்தால், ஆபரேஷனுக்குப் பிறகும் பல மணி நேரம் வலி அடங்கியிருக்கும்.

ஆபத்தே இல்லையா? சிலருக்குத் தலைவலி வரலாம், ரத்த அழுத்தம் குறையலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவது பெருமையல்ல. எழ முடியாத தாய்க்குப் பால் கொடுப்பதும் சிரமம். காலில் ரத்தக்கட்டு ஆபத்தும் கூடும். ஆகவே மயக்கவியல் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்க: "மரப்பு தெளிஞ்சதும் வலிக்கு என்ன ஏற்பாடு?"