கார் விலையில் விமானம்... வாங்கின பிறகுதான் இருக்கு கச்சேரி!

'என்னோட டிரக்கைவிட இந்த விமானம் விலை கம்மி' என்று பெருமையாகச் சொல்லும் அமெரிக்க வீடியோக்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். 'சும்மா வியூஸுக்காக அடிச்சு விடுறாங்க' என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போயிருப்பீர்கள். ஆனால், அது பொய்யில்லை. 1960, 70-களில் தயாரான இரண்டு சீட் செஸ்னா 150 விமானங்கள் பல, அமெரிக்காவில் இன்றும் ஒரு புது கார் விலைக்குள் கைமாறுகின்றன. அதே நிறுவனத்தின் புத்தம்புது நான்கு சீட் செஸ்னா 172 வேண்டுமென்றால், 4 லட்சம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மலிவாகக் கிடைக்கும் விமானம் உண்மையிலேயே மலிவுதானா?

எல்லாமே தாத்தா காலத்து விமானங்கள்... ஏன்?

1978-ல் அமெரிக்க நிறுவனங்கள் 17,000-க்கும் அதிகமான சிறு விமானங்களை விற்றன. 1994-ல் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. பொருளாதார மந்தம் ஒரு காரணம். இன்னொன்று, கோர்ட் கேஸ். எத்தனையோ வருஷத்துக்கு முன் விற்ற விமானம் விபத்துக்குள்ளானாலும் தயாரித்த நிறுவனத்தின் மீது இழப்பீடு கேட்டு வழக்கு போட முடிந்தது. நிறுவனங்களின் இன்சூரன்ஸ் செலவு எகிறியது. 1986-ல் செஸ்னா சிறிய பிஸ்டன் விமானங்கள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. 18 ஆண்டுகளைத் தாண்டிய சிறு விமானங்களுக்காகத் தயாரிப்பாளர்மீது வழக்கு போடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1994-ல் வந்த பிறகுதான், 1996-ல் உற்பத்தி மறுபடி தொடங்கியது.

அதனால்தான் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்று கிடைப்பதில் பெரும்பகுதி 60, 70-களின் சரக்கு.

'அம்பது வருஷத்துப் பழசுல எப்படிங்க பறக்கிறது?' என்று கேட்கலாம். விமானம் கார் மாதிரி இல்லை. ஆண்டுக்கொரு முறை அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் பிரித்துச் சோதித்து கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்க முடியும். செய்த ஒவ்வொரு வேலையும் லாக் புக்கில் ஏற வேண்டும். உழைப்பிலும் இவை லேசுப்பட்டவை அல்ல. 1958 டிசம்பர் முதல் 1959 பிப்ரவரி வரை, லாஸ் வேகாஸில் இரண்டு பேர் ஒரு செஸ்னா 172-ஐத் தரையிறக்காமல் 64 நாள்களுக்கு மேல் ஓட்டினார்கள். கீழே ஓடும் டிரக்கிலிருந்து பெட்ரோலும் சாப்பாடும் மேலே போயின!

விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

முதல் இடம், இன்ஜின். செஸ்னா 150-ல் இருக்கும் கான்டினென்டல் ஓ-200 இன்ஜினை 1,800 மணி நேரம் ஓடியதும் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனம். சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவருக்கு அது சட்டப்படி கட்டாயம் இல்லை. அதனால், 1,750 மணி நேரத்தைத் தொட்ட இன்ஜினோடு விமானத்தைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. புதுப்பிக்கும் செலவு 30,000 டாலரை எளிதாகத் தொடும். அப்படியானால், 25,000 டாலருக்கு 'சல்லிசா' கிடைத்த விமானத்தின் நிஜ விலை 55,000 டாலர்.

'அப்போ கம்மியா ஓடின இன்ஜினா பார்த்து வாங்கிடலாமே?' அங்கேயும் சிக்கல் இருக்கு. பறக்காமல் வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் ஆயில் வடிந்து, உள்ளே துரு ஏறும். லைகமிங் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருப்பதால், முதலில் அடி வாங்குவது அதுதான். வாரா வாரம் பறந்த இன்ஜின், பத்து வருடம் தூங்கிய இன்ஜினைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது இடம், உடம்பு. 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இறக்கை, பறக்கும்போதே கழன்று விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்துபோனார்கள். காரணம், இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தில் விழுந்த உலோகச் சோர்வு விரிசல். அது தாத்தா காலத்து விமானமும் இல்லை, 2007-ல் தயாரானது. ஆனால், பயிற்சிப் பள்ளியில் 7,600 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருந்தது. அதன் பிறகு, அதிக நேரம் பறந்த குறிப்பிட்ட பைப்பர் ரகங்களுக்கு இறக்கைச் சட்டச் சோதனையை 2021-ல் கட்டாயமாக்கியது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஆக, எந்த வருஷத்து வண்டி என்பதைவிட எத்தனை மணி நேரம், யாரிடம், எப்படிப் பறந்தது என்பதே முக்கியம்.

மூன்றாவது, நிறுத்தும் வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்தரச் சோதனை. நீங்கள் ஒரு மணி நேரம் பறந்தாலும் நூறு மணி நேரம் பறந்தாலும் இந்த மூன்றும் வந்தே தீரும். எப்போதாவது மட்டும் பறப்பவருக்கு வாடகை விமானமே லாபம். இல்லையென்றால் நாலு பேர் பங்கு போட்டு வாங்கலாம்.

இப்போது என்ன மாறுகிறது?

2025 அக்டோபர் 22 முதல் அமெரிக்காவில் ஸ்போர்ட் பைலட் உரிமம் வைத்திருப்பவர்களும் செஸ்னா 172 போன்ற நான்கு சீட் விமானங்களை ஓட்டலாம். கூட ஒரு பயணியை மட்டும் ஏற்றலாம். இவர்களுக்குத் தனி மருத்துவச் சான்று வேண்டாம், டிரைவிங் லைசென்ஸ் போதும். வாங்க ஆள் கூடினால் பழைய விமானங்களின் விலை இறங்க வாய்ப்பு குறைவு.

இன்னொரு பக்கம், இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் குடிப்பது ஈயம் கலந்த பெட்ரோல். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டி தன் விமான நிலையங்களில் 2022-லேயே அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. 2030-க்குள் நாடு முழுக்க ஈயத்தை ஒழிப்பதே எஃப்.ஏ.ஏ-வின் இலக்கு. பழைய விமானம் வாங்குபவர், நாளை அதற்கு எந்தப் பெட்ரோல் கிடைக்கும் என்பதையும் இன்றே யோசிக்க வேண்டும்.

'நாம எங்கே விமானம் வாங்கப் போறோம்' என்கிறீர்களா? பைலட் ஆகும் கனவோடு அமெரிக்காவுக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் பயிற்சி எடுப்பதும் செஸ்னா, பைப்பர் விமானங்களில்தான். லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டும் முன், பயிற்சி விமானம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது, கட்டாயச் சோதனைகள் முடிந்தனவா, லாக் புக்கைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் பள்ளியைவிட, கேட்டதும் எடுத்து நீட்டும் பள்ளியே உங்கள் பணத்துக்கும் உயிருக்கும் நல்லது.