குறை என்னும் சொல்

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் புதன்கிழமை புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு பெண் வந்தார். வயது 33. மணமாகி ஆறு வருடம். உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. ஜவுளிக்கடைப் பையிலிருந்து கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மூன்று மருத்துவர்களின் சீட்டுகள். மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: எடை குறைக்கவும். ஒருவர் மட்டும் எத்தனை கிலோ என்றும் எழுதியிருந்தார். பத்து. அந்தச் சீட்டுக்குப் பிறகு இரண்டேகால் வருடம் ஒரு தாளும் இல்லை. இடையில் ஏன் எங்கும் காட்டவில்லை என்று கேட்டேன். "பத்து கிலோ குறைச்சுட்டு வரச் சொன்னாங்க மேடம். குறையல. அதான் வரல" என்றார்.

கோப்பில் ஸ்கேன் ஏழு இருந்தது. கருக்குழாய் எக்ஸ்ரே இருந்தது, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி மட்டும் ஒரு தடவைகூட எடுத்திருக்கவில்லை. அன்றே எடுத்தோம். 8.1 வந்தது.

அந்த வரியை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இருபது வருடம் நானும் அதையே எழுதி வந்திருக்கிறேன். வரிசை நீளம், ஆளுக்கு ஐந்து நிமிடம், பேனா தானாகவே அங்கே போய் நிற்கும். ஆனால் அந்தச் சொல் நம் மொழியில் எப்படி விழுகிறது என்று யோசித்ததில்லை. ஏவலாகப் படித்தால் ‘குறை’ ஓர் ஆலோசனை. பெயராகப் படித்தால் அது ஒரு பழி. "யாருக்குக் குறை?" என்ற கேள்வியை முதல் வருடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு, டாக்டர் கையாலேயே எழுதிய விடையாக அந்தச் சீட்டு போய்ச் சேருகிறது. போதாததற்கு எங்கள் பிரிவில் எடை பார்க்கும் கருவி நடைபாதையில் இருந்தது. செவிலியர் அங்கிருந்தே "எண்பத்தி நாலு" என்று குரல் கொடுப்பார்; உள்ளே பதிவாகும் முன் பெஞ்சில் இருக்கும் முப்பது பேருக்குத் தெரிந்துவிடும். இப்போது கருவியை அறைக்குள் கொண்டுவந்துவிட்டோம். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்ய எனக்கு இருபது வருடம் ஆனது.

இனி விஷயத்துக்கு. உடல் பருமன் கருத்தரிப்பைத் தாமதப்படுத்துகிறது. கருச்சிதைவு, கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், அறுவைப் புண் சீழ்பிடிப்பது எல்லாவற்றையும் கூட்டுகிறது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே முதலில் எடையைக் குறைத்துவிட்டுப் பிறகு சிகிச்சை தொடங்கினால் பலன் கூடும் என்று நாம் எல்லோரும் நம்பினோம். சோதித்துப் பார்த்தபோது கணக்கு அவ்வளவு நேராக வரவில்லை.

நெதர்லாந்தில் 23 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. பிஎம்ஐ 29-க்கு மேல் உள்ள, குழந்தைக்காகச் சிகிச்சை தேடி வந்த 577 பெண்கள். பாதிப் பேருக்கு ஆறு மாதம் உணவு, நடை, ஆலோசனை, அதன்பிறகே சிகிச்சை. மறுபாதிக்கு உடனே சிகிச்சை. முதல் குழுவுக்குச் சராசரியாக 4.4 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 1.1 கிலோ. ஆனால் இரண்டு வருடத்துக்குள் நிறைமாதத்தில், சுகப்பிரசவத்தில், ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் முதல் குழுவில் 27.1 சதவீதம், உடனே சிகிச்சை பெற்ற குழுவில் 35.2 சதவீதம். காத்திருந்தவர்கள்தான் பின்தங்கினார்கள். அடுத்த வருடம் வந்த சுவீடன் ஆய்வு இன்னும் கடுமையானது. ஐவிஎஃப்புக்கு முன் 12 வாரம், நாளுக்கு 880 கலோரி திரவ உணவு மட்டும். ஒன்பது கிலோவுக்கு மேல் இறங்கினார்கள். குழந்தை பெற்றவர்கள் எடை குறைத்தவர்களில் 29.6, நேரே ஐவிஎஃப்புக்குப் போனவர்களில் 27.5 சதவீதம், வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்விலும் இதே கதைதான்.

அப்படியானால் எடையைப் பற்றிப் பேசவே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். அதே நெதர்லாந்து ஆய்வுக்குள் இன்னொரு எண் இருக்கிறது. சிகிச்சையே இல்லாமல் தானாகக் கருத்தரித்தவர்கள் உடனடிச் சிகிச்சைக் குழுவில் 16.2 சதவீதம், எடை குறைத்த குழுவில் 26.1. சுவீடனிலும் இந்தப் போக்கு தெரிந்தது. நீர்க்கட்டிப் பிரச்சினையோடு வரும் பெண்களிடம் நாம் தினமும் பார்ப்பதுதான் இது. ஐந்து சதவீத எடை இறங்கியதுமே பலருக்கு இன்சுலின் தணிந்து, மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. கருமுட்டை வெளிவராததால் குழந்தை தள்ளிப்போகிறவருக்கு இது மருந்து. குழாய் அடைப்புக்காரருக்கோ, கணவரின் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பவருக்கோ இது மருந்தே அல்ல. இரண்டு பேருக்கும் நாம் ஒரே வரியைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

யாரைக் காத்திருக்கச் சொல்வது என்பதில் என் வழக்கம் இப்போது இப்படி. முப்பதுக்குள் வயது, நீர்க்கட்டி, வேறு குற்றம் ஏதுமில்லை என்றால் மூன்று முதல் ஆறு மாதம் தருகிறேன். ஆனால் திரும்பி வர வேண்டிய தேதியை எழுதித் தருகிறேன், கிலோவை அல்ல. எடை இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அந்தத் தேதியில் சிகிச்சை தொடங்கும் என்று வாயாலும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்தைத் தாண்டி ஏஎம்எச் இறங்கியவரைக் காக்க வைப்பதில்லை; உணவும் மருந்தும் சேர்ந்தே ஓடும். எச்பிஏ1சி 10 என்று வருபவரிடம் மட்டும் கறாராக இருக்கிறேன். 6.5-க்குக் கீழே கொண்டுவரும்வரை கருத்தடை, பேச்சே இல்லை. அங்கேயும் காரணம் சர்க்கரை. ஏற்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் கிலோ எதுவானாலும் கதவு திறந்துவிடும்.

எடைக் கருவியை நம்பி ஏமாறும் இன்னொரு கூட்டமும் நம் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் நினைவிருக்கலாம். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று வைத்திருப்பது இதனால்தான். 58 கிலோ பெண் உள்ளே வந்ததும் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். இஞ்சு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினால் 86 செ.மீ. பெண்ணுக்கு 80-ஐத் தாண்டினால் சர்க்கரை பார்க்க வேண்டும். அந்த டேப் என் மேசை இழுவறையில் இருக்கிறது. விலை இருபது ரூபாய்.

பருமன் என்றால் சாப்பாடு அதிகம், சத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைப்பது அடுத்த பிழை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன், ரத்தசோகை 53.4 சதவீதம். பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான். இங்கேதான் மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 6,500 பெண்களுக்கு, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே, தினம் ஒரு தின்பண்டம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் கீரை, பழம், பால் சேர்ந்தது. மற்றதற்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவை. குழந்தையின் எடை மொத்தத்தில் பெரிதாகக் கூடவில்லை. மூன்று மாதம் முன்பே தொடங்கியவர்களுக்கு 48 கிராம் கூடியது. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை 12.4 சதவீதத்திலிருந்து 7.3-க்கு இறங்கியது. யாரையும் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. ஒன்றைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் இப்போது சீட்டில் ‘சேர்க்க’ என்று ஒரு தலைப்புப் போடுகிறேன். காலையில் ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, மதியம் சோறு வைப்பதற்கு முன் தட்டில் பாதியளவு பொரியல். குறைப்பதைப் பற்றிக் கேட்பது ஒரே கேள்வி: வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்? அந்தப் பெண்ணுக்குப் பதிலாக உடன் வந்த மாமியார் பதில் சொன்னார்: "ஆறு லிட்டரு. தீபாவளி மாசம்னா கூட ஒண்ணு." நாலு பேர் உள்ள வீடு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் எண்ணெயில் மட்டும் தினம் 400 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 2,000 கலோரிச் சாப்பாட்டுக்கு 27 கிராம்தான் தருகிறது. இவர்கள் வீட்டில் 45 ஓடுகிறது. நான் மருமகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாமியாரிடம், "நாலு லிட்டர்ல சமாளிக்க முடியுமாம்மா?" என்று கேட்டேன். சமையல் ராஜ்யம் அவருடையது. வேலை அங்கே முடிந்தது.

கணவர் அன்று வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு அவர் இடுப்பையும் அளந்தேன். 102. ஆணுக்கு 90 எல்லை. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. அவர் இன்று சிகரெட்டை விட்டால் பலன் தெரிய அவ்வளவு நாளாகும். அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. இரவு பத்தரைக்கு அவர் ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான் மனைவி சாப்பிடுகிறார், மிச்சம் வீணாகக் கூடாதென்று அவர் வைத்ததையும் சேர்த்து. அவர் நேரம் மாறாமல் இவர் எடை மாறாது.

எடை என்ற ஒற்றைச் சொல்லில் நாம் மறந்துபோகும் மாத்திரை ஃபோலிக் அமிலம். கருவின் நரம்புக்குழல் 28 நாளில் மூடிவிடுகிறது. கிராம சுகாதார செவிலியர் 12 வாரத்துக்குள் பதிவு செய்து, முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு எண் வாங்கித் தரும்போது அந்தக் காரியம் எப்போதோ முடிந்திருக்கும். முன்பு நரம்புக்குழல் குறையோடு குழந்தை பெற்றவர்களுக்கு, கருத்தரிக்கும் முன்பே தொடங்கிய ஃபோலிக் அமிலம் மீண்டும் அப்படி நேர்வதை 72 சதவீதம் தடுத்தது என்று 1991-லேயே தெரியும். அதற்கும் அறுபது வருடம் முன்னால், 1931-ல், லூசி வில்ஸ் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்துகொண்டிருந்த இடங்களில் ஒன்று நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. அவர் தேடிய சத்துதான் பின்னாளில் ஃபோலேட் என்று அடையாளம் காணப்பட்டது. நம் ஊரில் தேடியதை நம் ஊரில் நேரத்துக்குக் கொடுக்காமல் இருக்கிறோம். ஒவ்வொரு செவிலியரிடமும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இருக்கிறது. கருத்தடை என்ன என்று கேட்கத்தான் அதைத் திறக்கிறார்கள். குழந்தை வேண்டும் என்கிற வரிகளுக்கு எதிரே ஹீமோகுளோபின், சர்க்கரை, ஃபோலிக் மாத்திரை என்று மூன்று கட்டம் சேர்த்தால் போதும். 2007-லிருந்து எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை பார்க்கும் மாநிலத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் முடியாது. 2025 மார்ச்சில் டிர்செபடைட் இந்தியாவுக்கு வந்த பிறகு, நம்மிடம் சொல்லாமலே போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எடை நன்றாகவே இறங்குகிறது. இறங்கும்போது நின்றிருந்த கருமுட்டையும் வெளிவரத் தொடங்குகிறது. ஊசியோடேயே நாள் தள்ளிப்போய் நிற்கிறார்கள். செமாக்ளூடைட் என்றால் கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன், டிர்செபடைட் என்றால் ஒரு மாதம் முன் நிறுத்த வேண்டும். டிர்செபடைட் தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் நான்கு வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது, ஆணுறையும் வேண்டும். "ஊசி எதுவும் போடுறீங்களா?" என்பதை மாதவிடாய்த் தேதி கேட்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. இன்சுலின் என்று நினைத்து "இல்லை" என்பார்கள், "எடைக்கு?" என்று மறுபடி கேட்க வேண்டும்.

அந்தப் பெண் மே மாதம் வந்தபோது எச்பிஏ1சி 6.3. எடை 81. மூன்றே கிலோ. பழைய கணக்கில் இன்னும் ஏழு பாக்கி. கருமுட்டை வெளிவர லெட்ரோசோல் தொடங்கினோம். ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள், அடுத்த ஸ்கேனுக்குத் தேதி இல்லாமலே வந்து நின்றார். கந்த சஷ்டி விரதம் இருக்கப் போகிறாராம், சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் போடலாமா என்று கேட்க.

பதினைந்து வருடம் முன்பு இதே கேள்விக்கு நான் சிரித்திருப்பேன், அல்லது திட்டியிருப்பேன். சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று பாட்டிகள் பழமொழியைத் திருப்பிப் போட்டுச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த மாதிரி விரதம் என்று கேட்க அப்போது எனக்குத் தெரியாது. பால் பழமா, ஒருவேளைச் சாப்பாடா, இளநீரா, நாளுக்கு ஒரு மிளகு கூட்டிப்போகிற மிளகு விரதமா? ஒவ்வொன்றுக்கும் மாத்திரைக் கணக்கு வேறு. கேட்டேன். மிளகு விரதம் என்றார். வெறும் தண்ணீரும் மிளகும் வேண்டாம், மாத்திரையோடு அது ஒத்துக்காது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பால் பழம்னா?" என்றார்.

காலையில் பாலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், மாத்திரை மாலைப் பலகாரத்தோடு ஒன்று மட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சூரசம்ஹாரம் முடிந்த மறுநாளே ஸ்கேனுக்கு வரலாமா என்று கேட்டார்.