மார்கழிக் குளிரும் மீன் தொட்டியும்

உதகமண்டலத்தில் வசிக்கும் நமது நண்பர் ஒருவர் சென்ற மார்கழியில் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி வைத்தார். 60 லிட்டர் ஜலம் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. சென்னைக் கொளத்தூரில் வாங்கிய நியான் டெட்ராக்களும் கப்பிகளும் பிளாஸ்டிக் பைகளில் அடைபட்டு மலையேறி வந்தன. குளிர்ப் பிரதேசமாயிற்றே என்று 100 வாட் ஹீட்டர் ஒன்றையும் அவர் மறக்காமல் வாங்கியிருந்தார். அப்படியும் பதினைந்தே நாளில் பாதி மீன்கள் செத்து மிதந்தன. அவருடைய எட்டு வயதுப் பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நண்பர் முதலில் கடைக்காரரை வைதார். பிறகு உதகையின் ஜலத்தை வைதார். கடைசியாக ஹீட்டரை வைதார்.

மூன்று பேரும் நிரபராதிகள் என்பது நாம் அங்கே தங்கிய முதல் இரவே வெளியாயிற்று. நண்பரின் தகப்பனார் பத்து மணிக்கு ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தார். கூடத்துக்கு வந்ததும் ஹீட்டரின் சுவிட்சையும் அணைத்தார். "ராத்திரி முழுவதும் மின்சாரம் வீணாவானேன்? மீனும் தூங்கத்தானே போகிறது? காலையில் காப்பி ஆனதும் போட்டுவிடுவேன்" என்றார்.

விடியற்காலையில் உஷ்ணமானியைப் பார்த்தோம். இரவு 25 டிகிரி இருந்த ஜலம் 19 டிகிரிக்கு இறங்கியிருந்தது. காப்பிக்குப் பிறகு சுவிட்சு போடப்பட்டது. 60 லிட்டர் ஜலத்தை ஒரு டிகிரி சூடாக்க 100 வாட் ஹீட்டருக்குச் சுமார் 42 நிமிஷம் பிடிக்கும். வெளியே சூடு கசிவதே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இழந்த 6 டிகிரியை மீட்க 4 மணிக்கு மேலாகும். ஆக, மீன்கள் பகலெல்லாம் கோடையிலும் இரவெல்லாம் குளிரிலுமாகத் தினந்தோறும் அல்லாடிக் கொண்டிருந்தன.

மனிதனுக்கு இது பெரிய விஷயமன்று. நமது தேகம் தன் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும். போதாவிட்டால் கம்பளி இருக்கிறது. மீனுக்கோ ஜலத்தின் உஷ்ணமே தேகத்தின் உஷ்ணம். ஜலம் குளிர்ந்தால் ஜீரணம் மந்தப்படுகிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் குன்றுகிறது. அந்தச் சமயம் பார்த்து வெண்புள்ளி நோய்க் கிருமி தொற்றிக்கொள்கிறது. நண்பர் வீட்டு மீன்களின் செதிள்களில் ரவை தூவினாற்போல் தெரிந்தது அதுதான். 24 டிகிரியா, 26 டிகிரியா என்பதைப் பற்றி மீன் அதிகமாகக் கவலைப்படுவதில்லை. எதுவானாலும் அது இரவும் பகலும் ஒரே நிலையில் இருக்கவேண்டும்.

ஹீட்டரைச் செய்தவர்கள் இதை அறிந்தே அதற்குள் ஒரு காவற்காரனை வைத்திருக்கிறார்கள். சாதாரண ஹீட்டர்களில் இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று உண்டு. சூடு ஏறினால் அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் மீண்டும் இணைக்கும். குறித்த உஷ்ணத்தில் வைத்துவிட்டால் பிறகு நாம் தொடவேண்டிய அவசியமே இல்லை. பெரியவருடைய செலவுக் கணக்குக்கும் பதில் சொன்னோம்: 24 மணி நேரம் ஓயாமல் எரிந்தால்கூட 2.4 யூனிட்டுக்கு மேல் ஆகாது.

ஆனால் அந்தக் காவற்காரனும் சில சமயம் கண்ணயர்ந்து விடுவான். தகடு ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது, தொட்டி கொதிகலமாகிவிடும். ஆகையால் 100 வாட்டில் ஒன்றைக் காட்டிலும் 50 வாட்டில் இரண்டு வைப்பதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம். ஒன்று அணையாமற்போனாலும் ஜலம் மெதுவாகவே சூடேறும்; ஒன்று எரியாமற்போனாலும் மற்றொன்று பாதியாவது காக்கும். வடிகட்டியிலிருந்து ஜலம் பாயுமிடத்தில் ஹீட்டரையும், எதிர்க் கோடியில் உஷ்ணமானியையும் வைக்கவேண்டும். தொட்டிக்குள் கை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துவது அவசியம். ஹீட்டரை வெளியே எடுப்பதானால் அணைத்துக் கால்மணி நேரம் ஜலத்திலேயே ஆறவிடவேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக் குழாய் வெடித்துப்போகும்.

சென்னைவாசிகளுக்கு இந்தக் கவலை அதிகமில்லை. அவர்களுடைய சத்துரு சித்திரை வெயில். 20 டிகிரி ஜலத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையுமானால், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். மூடியைத் திறந்து ஜலத்தின்மேல் மின்விசிறிக் காற்றுப் படும்படி செய்தால் சூடு சற்றுத் தணியும்.

குளிர்ந்த ஜலத்தை விரும்பும் மீன் நமது மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலேயே இருக்கிறது. செங்கோடும் கருங்கோடும் ஓடும் அழகிய மீன். 'மிஸ் கேரளா' என்று விற்கிறார்கள். 1865-ல் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர், அப்போது சென்னைக் கவர்னராயிருந்த டெனிஸன் துரையின் பெயரை வைத்தார். மலையாளத்து ஓடையில் பிறந்த மீனுக்குத் துரையின் பெயர்! துரைகள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் மீனோடு நீந்திக்கொண்டிருக்கிறது.

மலையூர்களில் மின்சாரம் நின்றுபோவதும் உண்டு. அப்போது பதறிப்போய் வெந்நீரைக் கொட்டக்கூடாது. அது குளிரைவிடக் கொடியது. தொட்டியைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்திவிட்டு, மேலே காற்றுப் புகச் சிறிது இடம் விட்டால் போதும். மின்சாரம் வரும்வரை இரை போடவேண்டாம்.

நண்பர் வீட்டில் எஞ்சிய மீன்கள் பிழைத்துக்கொண்டன. அந்தப் பெண் ஒரு காகிதத்தில், "தாத்தா, இதை அணைக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவிட்சின்மேல் ஒட்டியிருக்கிறாள். பெரியவர் தினமும் பத்து மணிக்கு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துவிட்டு, தாழ்வார விளக்கை அணைக்கப் போகிறாராம்.