வண்டிக்கு எஃப்.சி. உண்டு... மாடிக் கட்டடத்துக்கு?

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து சிங்கப்பூர் போனவங்களைக் கேட்டுப் பாருங்க. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 10 வருஷத்துக்கு ஒருமுறை, கடை, ஆபீஸ் கட்டடங்களுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை இன்ஜினீயர் சோதனை கட்டாயம். செலவு உரிமையாளருடையது. 1986-ல் ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து 33 பேர் இறந்த பிறகு வந்த ஏற்பாடு.

நம்ம ஊர்ல? வரி பாக்கின்னா நோட்டீஸ் வரும். சீலிங்கில் கம்பி தெரிஞ்சா யார் வர்றாங்க? கடல் பக்கத்து உப்புக்காத்து கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்; பூச்சு பெயரும். அதுக்கு மேல பெயின்ட் அடிச்சுட்டு வாடகைக்கு விடுறோம். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் குடியிருப்பு இடிந்தபோது உயிர்ப்பலி இல்லாததற்குக் காரணம், விரிசலைப் பார்த்து மக்களே வெளியேறியதுதான்.

தனி வீடுகளுக்கு சிங்கப்பூரிலும் விலக்கு உண்டு. நாமும் வாடகை வர்ற பழைய மாடிக் கடைகளில் தொடங்கலாம். வாடகை வாங்குறவர்தான் சோதனைக்கும் காசு கொடுக்கணும்.