‘பரவாயில்லைங்க’வுக்கு எத்தனை மதிப்பெண்?

தஞ்சைப் பக்கத்தில் ‘பரவாயில்லைங்க’ என்ற சொல் எதற்கும் பொருந்தும். நெல் மேனி அமோகமாகக் கண்டாலும் அதுதான், பாதிக்குப் பாதி பதராகப் போனாலும் அதுதான். சர்க்கரை நோயால் வந்த ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை வாங்கிப் போனவரிடம் அடுத்த முறை மருத்துவர் “எப்படி இருக்கு?” என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும். சீட்டில் ‘முன்னேற்றம்’ என்று ஏறிவிடும். வீட்டுக்காரம்மாவை யாரும் கேட்பதில்லை. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு தமிழகத்தில் சர்க்கரை நோய் 14.4 விழுக்காடு என்றது. சர்க்கரை நீடித்தால் ரத்தக் குழாயும் நரம்பும் கெடும், விறைப்பும் குறையும். ஆக, இது நாலு பேருடைய ரகசியம் அல்ல.

அளக்க வழி உண்டு. 1997-இல் வந்த பன்னாட்டு வினாத்தாள் ஒன்று 15 கேள்விகளில் விறைப்பு, ஆசை, உச்சம் எல்லாவற்றையும் விசாரிக்கிறது. ஆனால் ஆணை மட்டும். 1999-இல் ஆல்தாஃப் குழுவினர் வெளியிட்ட ‘எடிட்ஸ்’ வினாத்தாள்தான் நோயாளிக்கு 11 கேள்வி, துணைக்குத் தனியாக 5 கேள்வி என்று பிரித்தது. எதிர்பார்த்தது கிடைத்ததா, தொடர்ந்து பயன்படுத்துவீர்களா, இயல்பாக இருந்ததா என்று அது கேட்கிறது. கடைசிக் கேள்வி நம் வீடுகளுக்கென்றே எழுதியது போலிருக்கிறது. விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் மாத்திரையை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். எண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். ஒரே அறையும் கூடமுமான வீட்டில் பிள்ளைகள் தூங்கி, மாமியார் இருமல் ஓய்வதற்குள் மாத்திரையின் நேரம் தப்பிப் போகலாம். விறைப்புக்கு முழு மதிப்பெண் வாங்கிய மருந்து அந்த வீட்டில் தோற்றிருக்கும். டாடலாஃபில் என்ற இன்னொரு மாத்திரை ஒன்றரை நாள்வரை வேலை செய்யும், சாப்பாடும் அதைத் தடுக்காது. மருந்தை மாற்றினாலே போதும். அதற்கு விஷயம் மருத்துவர் காதுக்குப் போக வேண்டும்.

திருப்தி மனசு சம்பந்தப்பட்டது, லாட்ஜில் அறை போட்டு லேகியம் விற்பவரிடம் போனவரும்தான் திருப்தி என்பார் என்று வாதிடலாம். சரிதான். அதனால்தான் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்வியைக் கேட்டு எண்ணாகக் குறிக்க வேண்டும், துணையின் பதிலோடு ஒப்பிட வேண்டும். ஆண்மைக் குறைவு மருந்து விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் அந்த வியாபாரம் ஓய்ந்தபாடில்லை. ஏமாந்தவன் வெளியே சொல்ல மாட்டான் என்பதுதான் அதன் முதல்.

பெண்கள் இதற்கெல்லாம் வாய் திறக்க மாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. எங்கே, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண். அவரிடம் இந்தத் தாளைக் கொடுத்துவிடுவது மடத்தனம், தெருவுக்கே தெரிந்துவிடும். மருத்துவமனையில் செவிலியர் தனியறையில், கணவர் வெளியே இருக்கும்போது, பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்ட தாளில், “திருப்தியா?” என்ற பொத்தாம்பொதுவான வார்த்தை இல்லாமல் கேட்டால் பதில் வரும். மாதவிடாய் நின்ற பிறகு வலிக்கிறது, இந்த மாத்திரையே வேண்டாமென்றிருக்கிறது என்றுகூட ஒருத்தி எழுதலாம். அதைக் குறித்துக்கொள்ளவும் அந்தத் தாளில் ஒரு கட்டம் வேண்டும்.