மயக்க மருந்தில பழியைப் போடாதீங்கோ

எங்கட வீடுகளில ஒப்பரேஷனுக்குத் திகதி வந்த கையோட வாட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் மெசேஜும் வந்திடும்: "மயக்க மருந்து குடுத்தா எதிர்ப்புச் சக்தி போயிடும், தள்ளிப்போடுங்கோ." அம்மாவோட போய் டொக்டரிட்ட மொழிபெயர்க்கிற நீங்கள்தான் இதுக்குப் பதில் சொல்லவேணும்.

கொஞ்சம் உண்மை இருக்கு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில நாட்களுக்கு, புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் என்.கே. கலங்கள் சோர்ந்துவிடும். ஆனால் பெரிய காரணம் உடம்பை வெட்டுவது: கோர்ட்டிசோல் ஏறும், அட்ரினலின் ஏறும், வலியும் சேரும். மயக்க மருந்துக்கு இதில் சின்னப் பங்குதான். சேர்வரையே கழட்டிப் பூட்டிவிட்டு, ஸ்க்ரூட்ரைவரில குற்றம் சொல்லுற கதை!

2019இல் லான்செட்டில் வந்த ஆய்வில், மார்பகப் புற்றுநோய் சத்திரசிகிச்சை செய்த 2,108 பெண்கள். ஒரு பகுதிக்கு நரம்பை மரக்கச்செய்து புரோப்போஃபோல். மற்றவர்களுக்கு செவோஃப்ளூரேன் வாயுவும் ஓப்பியோயிட் வலிமருந்தும். இரண்டு பக்கமும் சுமார் 10% பேருக்கு நோய் திரும்பியது. வித்தியாசமே இல்லை.

அப்ப எது வித்தியாசம் செய்யும்? பதில் இங்க டென்மார்க்கிலேயே இருக்கு. ஹென்ரிக் கேலெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1990களிலேயே, வலியை ஓப்பியோயிட் குறைத்து அடக்கு, கெதியாச் சாப்பிடவை, எழுப்பி நடக்கவை என்றார். 2002இல் அன்ன மொல்லர் குழு, இடுப்பு, முழங்கால் மாற்றுக்குக் காத்திருந்த 120 புகைப்பவர்களைப் பார்த்தது. 6 முதல் 8 வாரம் முன்பே புகையை விட உதவி கிடைத்தவர்களில் 18% பேருக்குத்தான் சிக்கல், மற்றவர்களில் 52%.

அப்பா பல்கனியில நிண்டு சிகரெட் பத்துறாரா? மருந்தின் பெயரைக் கூகுள் பண்ணாமல், பிரெடெரிசியா கொம்யூனுக்கு அடிச்சு, புகை விடுற வகுப்பு எப்பவெண்டு கேளுங்கோ.