உங்கள் உடலுக்குள் இருக்கும் சுருள் எது?

தொரப்பள்ளியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் இங்கு சிகிச்சைக்கு வருவோரில் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரிபவர்கள். வண்டியில் பொருத்தும் உதிரிபாகத்துக்கு ஒரு பேட்ச் எண் உண்டு என்பதையும், பின்னாளில் பழுது கண்டால் அவ்வெண்ணைக் கொண்டே காரணம் தேடப்படும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். ஆனால் தம் உடலுக்குள் பொருத்தப்பட்ட கருவியின் எண்ணைக் கேட்பவர் அரியர். அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. கேளாமலே தருவது மருத்துவமனையின் கடமை.

மூளை இரத்தக்குழாயில் குமிழ் போன்ற வீக்கம் தோன்றினால், இன்று பலருக்கு மண்டையோட்டைத் திறக்காமலே சிகிச்சை அளிக்க முடிகிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, மிருதுவான பிளாட்டினச் சுருள்களை அவ்வீக்கத்துக்குள் நிரப்புகிறார்கள். உள்ளே இரத்தம் உறைந்து வீக்கம் அடைபடுகிறது. இத்தாலிய மருத்துவர் குய்டோ குக்லியெல்மி உருவாக்கிய இம்முறை, 1990இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. சுருள் ஒரு கம்பியின் நுனியில் பிணைக்கப்பட்டிருக்கும். இடம் பொருந்தாவிடில் வெளியே இழுத்து மீண்டும் வைக்கலாம். பொருந்தியபின் சிறு மின்னோட்டம் செலுத்தினால் இணைப்பு கரைந்து சுருள் விடுபடும். அந்த நொடி முதல் அது வாழ்நாள் முழுவதும் நோயாளியின் உடலோடு இருக்கும்.

இரத்தக்குழாயை அடைக்கும் சுருள்கள் அனைத்தும் ஒன்றல்ல. 1975இல் சீசர் ஜியான்டர்கோ அறிமுகப்படுத்திய சுருள் துருவேறா எஃகால் ஆனது; எஃகுச் சுருள்கள் பின்னரும் பல உறுப்புகளின் இரத்தக்கசிவை நிறுத்தப் பயன்பட்டன. பிளாட்டினத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை. எஃகில் சில வகைகள் ஈர்ப்புக்கு உள்ளாகலாம், எம்.ஆர்.ஐ. படத்தையும் அவை மறைக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பின் வேறோர் ஊரில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் செல்லும்போது, "உடலில் என்ன உலோகம் இருக்கிறது?" என்று கேட்பார்கள். "ஏதோ காயில் வைத்தார்கள்" என்பது விடையாகாது. விவரம் தெரியும்வரை பரிசோதனை தள்ளிப்போகும். பக்கவாதம் போன்ற அவசர நிலையில் அத்தாமதம் பெருங்கேடாய் முடியக்கூடும்.

'மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்குமே' என்று சிலர் எண்ணலாம். இருக்கும், ஆனால் அங்கேதான் இருக்கும். நம் பகுதியினர் அறுவை சிகிச்சைக்குப் பெங்களூரு செல்கிறார்கள். அடுத்த காய்ச்சலுக்கு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சேர்கிறார்கள். நோயாளி எல்லையைக் கடக்கிறார், கோப்பு கடப்பதில்லை.

ஆகவே வீடு திரும்புமுன் கருவியின் உறையில் உள்ள ஸ்டிக்கரைக் கேளுங்கள். தயாரித்த நிறுவனம், கருவியின் பெயர், அளவு, பேட்ச் எண் ஆகியவை அதில் இருக்கும். எத்தனை சுருள்கள், எந்த இடத்தில் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் ஒருவருக்கேனும் அனுப்பிவையுங்கள். மருத்துவக் கருவிகளால் விளையும் தீங்குகளைப் பதிவுசெய்ய இந்தியாவில் 2015 முதல் தேசியத் திட்டம் ஒன்று இயங்குகிறது. அங்கு முறையிடவும் இவ்விவரங்கள் உதவும்.

கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. அடுத்துச் சிகிச்சை அளிக்கப்போகும் மருத்துவருக்கு நீங்கள் செய்யும் உதவி அது.